தூசி கிடைக்காத கிளினிக்

— இன்னும் உள்ளே கையை விடுங்க சார். ஸ்டூல் கொண்டு வரட்டுமா?

— வேணாம் சிஸ்டர். எட்டுது.

— எங்கே எட்டுது, நுனிக்கால்ல ஆடிக்கிட்டு நிக்கிறீங்க. பாதுகாப்பு சோதனைக்கு வந்த ஆய்வாளரே பீரோ மேல தூசி தேடி விழுந்து இடுப்பை ஒடிச்சிக்கிட்டா, கட்டுப் போடுறதும் நான்தான், விபத்துன்னு உங்க ஆபீசுக்கு எழுதறதும் நான்தான்.

— பேச்சுக் குடுத்துக் கவனத்தைத் திருப்பாதீங்க. பீரோ மேல தூசி இல்லாத கிளினிக்கை நான் இந்த உத்தியோகத்துல பாத்ததே இல்ல. என் வீட்டு பீரோ மேல விதை போட்டா முளைக்கும்.

— விரலைக் காட்டுங்க.

— எதுக்கு?

— சும்மா. எவ்வளவு அழுக்குன்னு நானும் தெரிஞ்சிக்கிறேன்.

— அழுக்கு இல்ல. சுத்தமாத்தான் இருக்கு.

— அதுக்கு ஏன் சார் முகம் இப்படி வாடுது? சுத்தத்தைப் பாத்து யாராவது கவலைப்படுவாங்களா?

— என் முகத்தோட அமைப்பே அப்படி. என் கல்யாண போட்டோவைப் பாத்தவங்க, ஓரமா நிக்கிறாரே, துக்கம் விசாரிக்க வந்தவரான்னு கேட்டிருக்காங்க. நான்தான் மாப்பிள்ளை. தடுப்பூசி ஃபிரிட்ஜைத் திறங்க.

— திறந்துதான் இருக்கு. பாருங்க.

— தடுப்பூசி மட்டும்தானா? தண்ணி பாட்டில், சாப்பாட்டு டப்பா எதுவும் இல்லையா?

— அதுக்கு மாடிப்படிக்குக் கீழே வேற ஃபிரிட்ஜ் இருக்கு.

— போன வாரம் ஒரு கிளினிக்ல, தடுப்பூசிக்கு நடுவுல பாதி கடிச்ச சாக்லேட் இருந்துச்சு. கேட்டா, அழற குழந்தைக்குக் குடுக்கவாம். கடிச்ச குழந்தை எதுன்னு கேட்டேன். டாக்டர் தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு.

— இங்கே தேடினாலும் கிடைக்காது.

— அது தெரியுது. கரண்ட் போனா என்ன செய்வீங்க?

— பேட்டரி. பேட்டரியும் போனா ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டியும் உருகினா, அதைத் தூக்கிக்கிட்டு அடுத்த தெரு கிளினிக்குக்கு நான் ஓடுவேன். இந்த உடம்பை வெச்சிக்கிட்டு எப்படி ஓடுவீங்கன்னு மட்டும் கேக்காதீங்க.

— யாராவது தெரியாத்தனமா சுவிட்சை அணைச்சிட்டா?

— சுவிட்ச் மேல லேபிள் ஒட்டியிருக்கேன் பாருங்க. இதை அணைக்காதே.

— லேபிள். ம். நல்லது. நல்லதுன்னு சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல்லு கூசுது. பயன்படுத்தின ஊசியைப் போடுற டப்பா எங்கே?

— அதோ அந்த மஞ்சள் டப்பா. முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடி சீல் வெச்சிடுவோம்.

— ஆக்சிஜன் சிலிண்டர்?

— நிறைஞ்சிருக்கு. மீட்டர் முள்ளைப் பாருங்க.

— முள்ளு அங்கேயே மாட்டிக்கிட்டு நின்னாலும் நிக்கும்.

— தட்டிப் பாருங்களேன். ஐயோ, மெதுவா சார். அது சிலிண்டர். உங்க விரோதி இல்ல.

— அவசர மருந்துத் தட்டு?

— இதோ. எது முதல்ல வேணுமோ அது முதல் வரிசையில.

— இதுல தேதி தாண்டிப் போச்சு போல இருக்கே. சரியாத் தெரியல, கண்ணாடி இல்லாம.

— தேதி அடுத்த வருஷம் சார். கண்ணாடி உங்க நெத்தி மேல.

— தெரியும். அங்கேதான் வெக்கிறது வழக்கம். அதோ, டாக்டரே வர்றாரு.

— சிஸ்டர், அடுத்தவங்களை அனுப்பலையா? ஓ, இவரா? வாங்க ஐயா, வாங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உடம்புக்கு என்ன?

— டாக்டர், இவரு நோயாளி இல்ல. ஆய்வுக்கு வந்திருக்காரு. காலையில சொன்னேனே.

— சொன்ன, சொன்ன. ரொம்ப நல்லது. நல்லாப் பாருங்க ஐயா. குறை இருந்தா கூச்சப்படாம சொல்லிடணும்.

— கூச்சமா? எனக்கா? என்னைத் தெரியலையா டாக்டர்?

— தெரியாம என்ன? ஆய்வாளர்.

— அதுக்கு முன்னாடி?

— முன்னாடி வேற வேலையா இருந்தீங்க? பரவாயில்லையே, முன்னேற்றம்தான். ஆனா முகம் வெளிறியிருக்கு ஐயா. தூக்கம் போதல. சிஸ்டர், இவருக்கு பிரஷர் பாத்துடும்மா.

— பாக்கிறேன் டாக்டர். நீங்க போய் கை கழுவுங்க. கட்டுப் போடுற அறை. வலது பக்கம்.

— வலது பக்கம்தானே. எனக்குத் தெரியாதா?

— பாத்தீங்களா சிஸ்டர்? என்ன நடிப்பு! கண்ணுல ஒரு சலனம் இருக்கணுமே? கல்லு. சுத்தமான கருங்கல்லு.

— யாரு சார் கல்லு?

— ஒண்ணுமில்ல. தீப்பிடிச்சா வெளியே போற வழி எது? பின்பக்கக் கதவுதானே?

— ஆமா. பிரஷர் பாத்துட்டுப் போலாம். டாக்டர் சொல்லிட்டாரு.

— அவரு சொன்னா நான் கேக்கணுமா? முதல்ல கதவு.

— இருங்க சார், அது ஒரு பிடிவாதக் கதவு. நீங்க இழுத்தா வராது, நான் வந்து...

— திறந்துடுச்சு. வழியில அட்டைப்பெட்டி இல்ல, உடைஞ்ச நாற்காலி இல்ல. இதுவும் சரி. சே! என்ன சிஸ்டர், பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?

— தோளால ஒரு இடி. கீழ்மூலையில காலால ஒரு உதை. அப்பதான் அந்தக் கதவு திறக்கும். அந்த வித்தையைப் பழகறதுக்குள்ள எனக்குத் தோள் வீங்கிப் போச்சு. நீங்க இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றீங்க.

— பழைய கதவு எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

— எந்தக் கதவும் அப்படி இருக்காது. யாரு சார் நீங்க?

— ஆய்வாளர்.

— அது கிடக்கட்டும். யாரு?

— படிக்கிற காலத்துல இந்தக் கதவு வழியா திருட்டுத்தனமா உள்ளே வந்து, குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரிச்சு வாயில கொட்டிக்கிட்டு ஓடின ஒரு ஆளு. உங்க டாக்டரோட சம்சாரம் இருக்காங்களே, என் கூடப் பிறந்த அக்கா.

— டாக்டரம்மாவோட தம்பியா?

— மச்சினன். முன்னாள் மச்சினன். அப்படி ஒரு பதவி உண்டான்னு தெரியல, ஆனா நான் அதுலதான் இருக்கேன்.

— நான் வேலைக்கு வந்தப்பவே அம்மா இங்கே இல்ல. பிரிஞ்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ஏன்னு டாக்டர் வாயைத் திறந்ததில்ல.

— எப்படித் திறப்பாரு? நான் சொல்றேன் கேளுங்க. எங்க அப்பாவுக்கு ஒருநாள் நெஞ்சு எரிஞ்சது. நான்தான் போன் பண்ணேன். அத்தான், அப்பா என்னமோ மாதிரி இருக்காரு, கொஞ்சம் வாங்கன்னு. வாயுதான் மாப்ள, ஒரு மாத்திரையைக் குடுத்துப் படுக்க வை, காலையில வந்து பாக்கிறேன்னாரு. எங்க வீட்டுக்கும் அவரு வீட்டுக்கும் நடுவுல ஒரு தெருதான் சிஸ்டர். அடுப்புல வெச்ச பால் பொங்கறதுக்குள்ள வந்துட்டுப் போயிடலாம்.

— வரலையா?

— வந்தாரு. காலையில. சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினாரு. வந்து, பாத்தாரு. பாக்கறதுக்கு அப்பா இருந்தாரு, உசுருதான் இல்ல.

— ஐயோ.

— மாப்பிள்ளையே சொல்லிட்டாரு, அப்புறம் என்னடான்னு சிரிச்சிக்கிட்டே மாத்திரையைப் போட்டுக்கிட்டாரு எங்க அப்பா. ஊர்ல எல்லாருக்கும் டாக்டர்னா பயம். எங்க அப்பாவுக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் ஆளைக் கொண்டு போச்சு.

— அப்புறம் இவரு என்ன சொன்னாரு?

— ஒரு வார்த்தை சொல்லல. ஏன் வரலைன்னு அக்கா கேட்டா. தரையையே பாத்தாரு. மறுபடி கேட்டா. மறுபடி தரை. ஒரு பையில துணியை எடுத்துக்கிட்டு எங்ககூட வந்துட்டா. நான் அன்னிக்கே முடிவு பண்ணேன். இந்தக் கிளினிக்கை இழுத்துப் பூட்டி, சாவியை இவரு கையாலயே என் கையில வாங்கணும்.

— அதுக்காகவா இந்த உத்தியோகத்துக்கு வந்தீங்க?

— வேற எதுக்கு? கத்தியை எடுக்கலாம்னா ரத்தத்தைப் பாத்தா எனக்கு மயக்கம் வரும். ஆள் வெச்சு அடிக்கலாம்னா எனக்கு ரௌடி யாரையும் தெரியாது. தெரிஞ்ச ஒரே முரடர் எங்க கணக்கு வாத்தியார், அவரும் ரிட்டயர் ஆயிட்டாரு. பழி வாங்கறதுக்காகப் புத்தகம் வாங்கிப் படிச்சுப் பரீட்சை எழுதின ஒரே ஆளு இந்த உலகத்துல நான்தான் சிஸ்டர். அதுலயும் ரெண்டு தடவை பெயில்.

— சிரிக்கக் கூடாதுதான். வருது.

— சிரிங்க. எழுத்துத் தேர்வுல தேறினேன், நேர்முகத்துல கவுத்துட்டாங்க. ஏன் இந்த வேலைக்கு வர்றீங்கன்னு கேட்டாங்க. பொது நலத்துக்குன்னு சொன்னேன். என் மூஞ்சியைப் பாத்து யாரும் நம்பல.

— சொந்தக்காரங்க கிளினிக்னா வேற ஆளைத்தானே அனுப்புவாங்க?

— ஆமா. விதி இருக்கு. ஆனா யாரும் கேக்கல, நானும் சொல்லல. இந்தக் கிளினிக்கோட ஆய்வு வேற ஒருத்தருக்கு வந்தது. அவரு காலைப் பிடிக்காத குறையா வாங்கிக்கிட்டு வந்தேன். சொந்தம் விட்டுப் போச்சு, அதனால விதி பொருந்தாதுன்னு எனக்கு நானே தீர்ப்பும் குடுத்துக்கிட்டேன்.

— அது கிடக்கட்டும். நீங்க குறை இருக்கான்னு பாக்க வரல. குறை இருக்குன்னு முடிவு பண்ணிட்டு, அதை வெக்கிறதுக்கு ஒரு இடம் தேடிக்கிட்டு வந்திருக்கீங்க.

— அழகாச் சொன்னீங்க. இடம்தான் கிடைக்க மாட்டேங்குது. சிஸ்டர், நமக்குள்ள இருக்கட்டும். ஒரு பல்லி, ஒரு கரப்பான்பூச்சி, கண்ணுல காட்ட முடியுமா?

— இருந்த ஒரு பல்லியும், தனக்கும் லேபிள் ஒட்டிடுவாளோன்னு பயந்து ஓடிப் போச்சு.

— அதைக் கேக்கணும்னு இருந்தேன். அது என்ன இவ்வளவு லேபிள்? பஞ்சு, கத்தரிக்கோல், கையுறை, சரி. குழாய்க்குமா? தண்ணீர்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. திறந்தா பாலா வரும்?

— ஒழுங்கு சார். எல்லாம் ஒரு ஒழுங்குதான்.

— ஒழுங்குக்குத் தனி மார்க் உண்டு எங்க அறிக்கையில. வயித்தெரிச்சலோட போட்டுக்கிட்டே வர்றேன். டாக்டர் அறை ஒண்ணுதான் பாக்கி.

— அது நான் தினமும் பாக்கிறேன் சார். பிரமாதமா இருக்கும். வாங்க, பிரஷர் பாத்துட்டு...

— அறை, சிஸ்டர்.

— அவரு வந்துடுவாரு.

— கை கழுவத்தானே போனாரு? அவ்வளவு நேரமா?

— அவரு கழுவினா லேசுல முடிக்க மாட்டாரு. சரி, வாங்க. சீக்கிரம் பாத்துட்டு வெளியே வந்துடுங்க.

— மேசை சுத்தம். கட்டில் விரிப்பு சலவை மணம் போகல. ஜன்னல் நல்லா மூடுது. டார்ச் எரியுது. இந்த டிராயர்ல என்ன? இதய ஒலி கேட்கும் கருவி, காதில் மாட்டவும். அடக் கடவுளே! ஸ்டெதஸ்கோப்புக்குமா? சிஸ்டர், எந்த ஊர் டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டவும்னு எழுதி வெப்பாங்க? சமையல்காரர் கரண்டியில, இது கரண்டி, கிண்டவும்னு... ஏன் கதவைச் சாத்துறீங்க?

— மெதுவாப் பேசுங்க.

— ஒரு ஜோக்குதானே அடிச்சேன்.

— தெரியுது. மெதுவா.

— இந்த லேபிள் எல்லாம் யாருக்கு சிஸ்டர்?

— வர்றவங்க போறவங்களுக்கு...

— நோயாளி வந்து டிராயரைத் திறக்க மாட்டாங்க. உங்களுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் எது எங்கேன்னு தெரியும். யாருக்கு?

— உங்க அத்தானுக்கு.

— என்ன?

— அவரு நடிக்கல சார். நிஜமாவே உங்களைத் தெரியல. சில நாள் காலையில என்னையே தெரியாது. யாரும்மா நீ, புதுசா சேர்ந்தியான்னு கேப்பாரு. ஆமா டாக்டர், இன்னிக்குத்தான்னு சொல்லிடுவேன். நல்லா வேலை கத்துக்கோன்னு ஆசீர்வாதம் பண்ணுவாரு. எனக்கு வேலை கத்துக் குடுத்ததே அவருதான்.

— எப்பலேர்ந்து?

— சாவியை எங்கே வெச்சேன்ல ஆரம்பிச்சது. வயசாகுதுன்னு நினைச்சேன். அப்புறம் கிழமை. அப்புறம் மருந்துப் பேரு. அப்புறம் எது எந்த அறைன்னு. அவரு ஒவ்வொண்ணா விட்டுட்டே போனாரு, நான் பின்னாடியே லேபிளை ஒட்டிக்கிட்டே ஓடினேன்.

— இந்த நிலைமையில நோயாளி பாக்கிறாரா?

— சளி, காய்ச்சல் மட்டும். மத்தவங்களை வாசல்லயே மடக்கி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். இவரு சொல்ற மருந்தை நான் தலையாட்டிக் கேட்டுக்குவேன். குடுக்கறது நான் குடுக்கிற மருந்து.

— சிஸ்டர்! இது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா உங்களுக்கு?

— உங்களை விட நல்லாத் தெரியும். போன மாசம் வரைக்கும் தடுப்பூசியும் அவருதான் போட்டாரு. கடைசியா ஒரு குழந்தைக்கு. கை மட்டும் இன்னும் எதையும் மறக்கல சார், குழந்தை சிணுங்கக் கூட இல்ல. அம்மாக்காரி திரும்பி பையை எடுக்கிறா. அதுக்குள்ள புது ஊசியில அதே மருந்தை ஏத்திக்கிட்டு மறுபடி குழந்தையோட தொடையைப் பிடிச்சிட்டாரு. நான் பாஞ்சு கையைப் பிடிச்சேன். ஏம்மா தடுக்கிற, இன்னும் போடலையேங்கிறாரு. அன்னிக்குச் சாயந்திரம்தான் உங்க ஆபீசுக்குப் பேர் போடாம, விவரமும் சொல்லாம, இந்தக் கிளினிக்கைச் சோதிங்கன்னு மட்டும் ஒரு புகார் அனுப்பினேன்.

— அது நீங்களா?

— நான்தான். நீங்க வர்றீங்கன்னு தகவல் வந்ததும், பீரோ மேல ஏறித் துடைச்சதும் நான்தான்.

— புகாரும் குடுத்துட்டு, மாட்டிக்காம இருக்கத் தடயத்தையும் துடைச்சீங்களா?

— பல்லு வலிக்குதுன்னு அவங்களா வந்து உக்காருவாங்க, வாயைத் திறன்னா திறக்க மாட்டேன்னு அடம்பிடிப்பாங்க. பாத்திருக்கீங்களா? அந்த மாதிரிதான் நானும். யாராவது கண்டுபிடிச்சிடணும். நான் காட்டிக் குடுத்ததா இருக்கக் கூடாது. என்ன பெரிய விசுவாசம்னு என் மேலயே எனக்கு வெறுப்பு.

— வேற எவனாவது வந்திருந்தா, ஆகா, என்ன ஒழுங்குன்னு பாராட்டிட்டுப் போயிருப்பான்.

— அதைத்தான் நானும் நினைக்கிறேன். இவரைப் பிடிச்சவங்க எல்லாரும் வாசலோட திரும்பிப் போயிட்டாங்க. பிடிக்காத நீங்கதான் டிராயர் வரைக்கும் வந்தீங்க.

— கிடைச்சிடுச்சு சிஸ்டர். இத்தனை வருஷமா கேட்டது கிடைச்சிடுச்சு. இன்னிக்கே பூட்டுறேன்.

— பூட்டுங்க.

— என்ன, ஒரு பேச்சுக்குக் கூடக் கெஞ்ச மாட்டீங்களா?

— மாட்டேன்.

— கொஞ்சமாவது கெஞ்சுங்க. முடியவே முடியாதுன்னு கர்ஜிக்கிறதுக்கு வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வந்திருக்கேன். என் பொண்டாட்டி எட்டிப் பாத்து, தொண்டை கட்டியிருக்கான்னு கேட்டா.

— வெளியே ரெண்டு மூணு பேரு உக்காந்திருக்காங்க. அடுத்த தெரு டாக்டர்கிட்ட அனுப்பிடுறேன். அவருகிட்ட ஏற்கெனவே பேசி வெச்சிருக்கேன், இப்படி ஒருநாள் வரும்னு.

— அனுப்புங்க. ஆனா பூட்டுறதுக்கு முன்னாடி அவரை நிக்க வெச்சுக் கேப்பேன். ஏன் வரலைன்னு. எங்க அப்பாவைக் கொன்னது நீ, உன் கிளினிக்கை மூடுறது நான். முகத்துக்கு நேரா சொல்லணும்.

— எதுக்கு சார்? அவருக்குப் புரியாது. புரிஞ்சாலும் நீங்க வாசற்படி தாண்டறதுக்குள்ள மறந்து போகும்.

— போகட்டும். கேக்கிற நேரத்துக்காவது வலிக்கட்டும். எனக்கு அது போதும். அவரு பாட்டுக்கு எல்லாத்தையும் கழுவி விட்டுட்டு ஹாயா உக்காந்திருக்காரு. ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தனே சுமந்துக்கிட்டுத் திரியறேன். இது என்ன நியாயம்?

— நியாயம் இல்லதான்.

— எனக்கு ஒரு முழு எதிரி வேணும் சிஸ்டர். இப்படிப் பாதி ஆளைக் குடுத்தா, நான் அவரை வெச்சிக்கிட்டு என்ன பண்றது?

— யாரும்மா அங்கே சத்தம் போடுறது? என் ரூம்ல யாரு?

— நான்தான் டாக்டர். ஆய்வாளரும் நானும். ஈரக்கையோட வர்றீங்க, இந்தாங்க துண்டு.

— நீங்க தள்ளி நில்லுங்க சிஸ்டர். டாக்டர், என் முகத்தைப் பாருங்க. நான் யாரு?

— உக்காருங்க ஐயா. மூச்சு வாங்குது உங்களுக்கு.

— உக்கார மாட்டேன். நான் யாரு சொல்லுங்க. இந்தப் பின்கதவு வழியா வந்து, குளுக்கோஸைத் திருடித் தின்னவன் யாரு?

— குளுக்கோஸா? யாரு திருடினா? அது திருட்டு இல்லையே. அவனுக்குன்னு நான்தானே வெளியில எடுத்து வெப்பேன். பய ஒல்லிப்பிச்சான், ரோஷக்காரன் வேற. இந்தாடான்னா வாங்க மாட்டான். திருடினா தின்னுடுவான். பாக்காத மாதிரி இருக்கறதுக்கு நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கணும்.

— சார், போதும் சார். வந்துடுங்க.

— டேய். மாப்ள?

— ஆமா.

— மாப்ள! எப்படா வந்த? என்னடா இது, முன்னாடி இருந்த முடியெல்லாம் எங்கே போச்சு?

— அது போச்சு அத்தான். அது கிடக்கட்டும். நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

— கேளேன். ஏன்டா தயங்குற?

— தயங்கல. மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன், எங்கே ஆரம்பிக்கிறதுன்னு... அப்பாவுக்கு...

— மாமாவுக்கு என்ன?

— நெஞ்சு எரியுதுன்னாரு.

— எப்போலேர்ந்து?

— விளக்கு வெக்கிற நேரத்துலேர்ந்து. சட்டை நனையற அளவுக்கு வேர்த்துச்சு. இடது தோள் கனக்குதுன்னாரு. நான் போன் பண்ணேன்.

— வேர்த்துச்சா? இடது தோளா? சிஸ்டர், ஆக்சிஜனைத் தயாரா வை!

— டாக்டர், நீங்க முதல்ல உக்காருங்க.

— வாயுதான்னு சொன்னாங்க அத்தான். மாத்திரையைக் குடுத்துப் படுக்க வைன்னு.

— வாயுவா? எந்த மடையன் சொன்னான்?

— ஒரு டாக்டர்.

— நெஞ்சுல கையை வெச்சுப் பாத்தானா?

— இல்ல. போன்லயே சொல்லிட்டாரு. பக்கத்துலதான் இருந்தாரு. ஏன் அத்தான் வரல அந்த ஆளு? எனக்கு அது மட்டும் தெரியணும். அக்காவும் அதைத்தான் கேட்டா. ஏன் வரல?

— ஏன் வரலையா? சோம்பேறித்தனம்டா. வேற என்ன இருக்கப் போகுது? நாள் முழுக்க நோயாளியைப் பாத்துட்டு அப்பதான் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழட்டியிருப்பான். திரும்ப மாட்ட மனசு வந்திருக்காது. நம்ம வீட்டு ஆளுதானே, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சிருப்பான். பெரிய காரணம் ஒண்ணும் இருக்காது மாப்ள. அதனாலதான் அவனுக்கு வாயைத் திறந்து சொல்ல முடியாது.

— அத்தான்...

— அவனைச் சும்மா விடாத. கிளினிக்கை இழுத்து மூட வைக்கணும். ஆனா அது அப்புறம், இப்ப அழுதுக்கிட்டு நிக்காம ஓடு. அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத, பயந்துடுவா. மாமாவை ஒரு அடி கூட நடக்க விடாம வண்டியில ஏத்தி இங்கே கூட்டிட்டு வா, நான் வாசல்லயே நிக்கிறேன்.